ஏரியாகிப்போன தோட்டத்தின் வரலாற்றைச் சேகரிப்பது எப்படி

மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அது கித்தா (ரப்பர்) காடாக இருந்தது தெரியாது. முதல் உலகப் போர் முடிந்து வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் அது. அங்கே உருவாக்கிய பி.பி. 260 என்ற ரப்பர் ரகத்தைக் கேரளாவில்கூட நடுகிறார்கள். 1995-இல் புத்ராஜெயா நகரத்தின் கட்டுமானம் ஆரம்பித்தது. சுவாவ், பீசா ஆறுகளை மறித்து 650 ஹெக்டேருக்கு ஏரி கட்டினார்கள். கேலோவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டத்து ஜனங்களும் பக்கத்து ஊரான எங்கள் டெங்கிலுக்கு, தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தார்கள்.

உங்கள் தோட்டமும் இப்படி ஏரியாகவோ பூங்காவாகவோ மாறியிருந்தால், முதலில் வரைபடம் போடுங்கள். "வரலாறு சொல்லுங்க" என்றால் பெரியவர்கள் மிரண்டுபோவார்கள். ஒரு பெரிய மணிலாத் தாளை விரித்து, "ஆயாக்கொட்டகையிலிருந்து பாத்தா கோயில் எந்தப் பக்கம் பாட்டி?" என்று கேளுங்கள் (ஆயாக்கொட்டகை என்பது தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்). பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), பால் ஸ்டோர் (ரப்பர் பால் சேர்க்கும் இடம்), கள்ளுக்கடை, எந்த லயத்தில் யார் வீடு என்று வரிசையாக வரும். பெண்களை முதலில் கேளுங்கள். என் அனுபவத்தில் ஆண்கள் தொரையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது என்று பெண்களுக்குத்தான் தெரியும்.

வருஷம் கேட்காதீர்கள். ஜப்பான்காரன் காலமா, மே 13 (1969) இனக்கலவரத்துக்கு முன்னா பின்னா, எந்தக் கிராணி (தோட்டக் கணக்கர்) இருந்தப்போ என்று கேட்டால் போதும்.

அப்புறம் காகிதம். பழைய பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். பள்ளி இடம் மாறியிருந்தாலும் பதிவேட்டை விசாரியுங்கள். கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் (முன்பு ஜாலான் டூத்தா) உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய நில வரைபடங்களைக் கேட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளத்தில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் தேடலாம்; பிராங், பெராங் என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் போடுங்கள். அதில் பெரும்பாலும் கம்பெனியின் விளைச்சல் கணக்குதான் கிடைக்கும், பால் வெட்டியவர் பெயர் இருக்காது. அதற்குத்தான் மணிலாத் தாள்.

கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துக்குப் போய், பாட்டி சொன்ன மேட்டைத் தேடுங்கள். முடிந்தால் அவரையே பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள், காலை வெயில் ஏறுவதற்குள்.

ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் யார் சொன்னது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். இரண்டு பேர் கோயிலை இரண்டு இடத்தில் காட்டினால் சண்டை தீர்க்கப் போகாதீர்கள். இரண்டையும் குறியுங்கள், கோயிலே இடம் மாறியிருக்கலாம்.