வீடுகளிலுள்ள நலக்கேடுகளை ஆராய அமெரிக்க அரசு தரும் மானியம்: முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையைச் சுருக்கமாக ஹட் என்று அழைக்கிறார்கள். ஈய அபாயக் கட்டுப்பாட்டையும் ஆரோக்கியமான இல்லங்களையும் கவனிப்பதற்கென்றே அத்துறையில் ஓர் அலுவலகம் உண்டு. பழைய சாயத்திலுள்ள (பெயிண்டிலுள்ள) ஈயம், சுவரில் படரும் பூஞ்சணம், நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு, ஆஸ்துமாவைத் தூண்டும் கரப்பான், எலி ஒவ்வாமைப் பொருள்கள் போன்றவற்றைக் கண்டறியவும் குறைக்கவும் மேம்பட்ட வழிகளைத் தேடும் ஆய்வுகளுக்கு அந்த அலுவலகம் போட்டி முறையில் மானியம் வழங்குகிறது. தொழில்நுட்ப ஆய்வு மானியம் என்பது அதன் வழக்குப் பெயர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் பணியாற்றும் தமிழ் ஆய்வாளர்களுள் முதன்முறையாக விண்ணப்பிக்க எண்ணுபவர்களுக்காக இவ்விளக்கம் எழுதப்படுகிறது.

தொடங்கும்போதே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வீடுகளிலிருந்து ஈயச் சாயத்தை அகற்றுவதற்காக மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இதே அலுவலகம் இதைவிடப் பன்மடங்கு பெரிய தொகையை வழங்குகிறது. அது சீரமைப்புப் பணிக்கான மானியம். இங்கே பேசப்படுவது ஆராய்ச்சிக்கான மானியம். இரண்டுக்கும் விண்ணப்பம் கோரும் அறிவிக்கைகள் ஒரே இணையதளத்தில் ஒத்த தலைப்புகளோடு வெளியாவதால், தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் நோக்கம் குறித்த முதல் பக்கங்களை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

முதற்படி: ஆய்வுக் கேள்வியைத் தீர்மானித்தல்

குடியிருப்புகளில் ஈயச் சாயத்தின் பயன்பாடு அமெரிக்காவில் 1978இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் பூசப்பட்ட சாயமோ அப்படியே இருக்கிறது. 2018-19இல் ஹட் நடத்திய தேசிய மாதிரி ஆய்வின்படி, 3 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஈயச் சாயம் இன்னும் உள்ளது. ஆகவே, ஈயம் இருக்கிறதா என்பது இன்று ஆய்வுக் கேள்வியாகாது. குறைந்த செலவில், வீட்டில் மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே, நீடித்த பலனுடன் அதன் கேட்டைத் தணிப்பது எப்படி என்பதே கேள்வி.

“எங்கள் நகரத்தின் பழைய வீடுகளில் ஈயத்தூசி எவ்வளவு உள்ளது?” என்று கேட்கும் முன்மொழிவு பெரும்பாலும் பின்தங்கிவிடும். “ஜன்னலை முழுவதுமாக மாற்றாமல் சட்டத்தில் உராயும் பகுதிகளை மட்டும் சீர்செய்தால், ஓராண்டுக்குப் பிறகும் தரைத்தூசியில் ஈயம் குறைந்தே இருக்குமா?” என்று கேட்பதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை ஆம் என்றாலும் இல்லை என்றாலும், மறுநாளே ஒரு நகராட்சி தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள இயலும். நிதி தருபவர்கள் எதிர்பார்ப்பது அத்தகைய பயனைத்தான்.

விதிமுறைகள் மாறும் இடங்களில் நல்ல கேள்விகள் பிறக்கின்றன. சீரமைப்புக்குப் பின் தரைத்தூசியில் சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம் வரையிலும், ஜன்னல் திட்டில் 100 வரையிலும் ஈயம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2024 அக்டோபரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட விதி இவற்றை முறையே 5 ஆகவும் 40 ஆகவும் குறைத்தது. இப்போது வழக்கத்திலுள்ள துப்புரவு முறைகளால் இந்தப் புதிய அளவை எட்ட முடிகிறதா, பழைய மரத்தரைகளில் எட்டுவதற்கு என்ன கூடுதலாகச் செய்ய வேண்டும் என்பன தகுந்த ஆய்வுப் பொருள்கள்.

இரண்டாம் படி: நிறுவனமும் பங்காளிகளும்

தனிநபர் விண்ணப்பிக்க இயலாது. பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், மாநில அல்லது உள்ளாட்சி அமைப்பு, பழங்குடி அரசு போன்ற ஓர் அமைப்பின் பெயரில்தான் விண்ணப்பம் செல்ல வேண்டும். நீங்கள் முனைவர் பட்ட மாணவராகவோ இளநிலை ஆய்வாளராகவோ இருந்தால், அனுபவமுள்ள பேராசிரியர் ஒருவரைத் தலைமை ஆய்வாளராகக் கொள்வது நல்லது. அதைவிட முக்கியமானவர்கள் வீடுகளுக்கு வழி திறந்துவிடக்கூடிய பங்காளிகள்: பொது வீட்டுவசதி வாரியம், நகராட்சிச் சுகாதாரத் துறை, வாடகைதாரர் சங்கம் போன்றவர்கள். இத்தனை வீடுகளில் நுழைய அனுமதி பெற்றுத் தருவோம் என்று எண்ணிக்கையோடு அவர்கள் எழுதும் உறுதிக் கடிதம், பொதுவாக வாழ்த்தும் கடிதங்களைவிட மிகுந்த மதிப்புடையது.

மூன்றாம் படி: பதிவுகள்

அறிவிக்கை வெளியாகும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு நிதி பெறும் அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் சாம்.கவ் (SAM.gov) தளத்தில் நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நிறுவனங்களை அடையாளம் காணப் பயன்பட்ட பழைய டன்ஸ் (DUNS) எண்ணுக்குப் பதிலாகத் தனி அடையாள எண்ணை அத்தளமே வழங்குகிறது. இந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சிறிய அமைப்புகள் முதன்முறையாகப் பதிவு செய்யும்போது, பெயரிலோ முகவரியிலோ உள்ள சிறு வேறுபாட்டினால்கூட வாரக்கணக்கில் தாமதமாகலாம். பிறகு, மானிய விண்ணப்பங்களைப் பெறும் கிராண்ட்ஸ்.கவ் (Grants.gov) தளத்தில், நிறுவனத்தின் சார்பாகச் சமர்ப்பிக்கும் அதிகாரம் பெற்றவராக ஒருவரை நியமிக்க வேண்டும். இரு பதிவுகளும் இலவசம். பதிவு செய்து தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்குப் பதிலளிக்காதீர்கள்.

நான்காம் படி: முன்-விண்ணப்பம்

அண்மைக்கால அறிவிக்கைகள் சிலவற்றில், முதலில் சில பக்கங்களில் ஒரு முன்-விண்ணப்பமும், அதில் தேர்வானவர்களிடமிருந்து மட்டும் முழு விண்ணப்பமும் கேட்கப்பட்டன. அந்தச் சில பக்கங்களில் இலக்கிய மீளாய்வுக்கு, அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துக் கூறுவதற்கு, இடம் வீணாக்கக் கூடாது. கேள்வி, வீடுகளின் எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழு, அளவிடப்படும் மாற்றம், குழுவின் தகுதி ஆகியவை அவற்றில் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: ஆய்வு முறையும் குடியிருப்போரின் பாதுகாப்பும்

மதிப்பெண்களில் பெரும்பங்கு ஆய்வு முறைக்கே கிடைக்கிறது. மாதிரி அளவைப் புள்ளியியல் கணக்கோடு நியாயப்படுத்துங்கள். வாடகை வீடுகளில் குடும்பங்கள் அடிக்கடி இடம்பெயர்வதால், இடையில் விலகக்கூடியவர்களையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தூசி, சாய மாதிரிகளை ஈயப் பரிசோதனைக்கென அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். மாதிரி எடுப்பதிலும் சோதிப்பதிலும் பிழைகளை எவ்வாறு கண்டுபிடிப்பீர்கள் என்று கூறும் தர உறுதித் திட்டமும் தேவைப்படும்.

இனி வருவதை எந்த விண்ணப்பதாரரும் மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. 1990களில் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில், ஈயச் சாயத்தைப் பகுதியளவு மட்டும் குறைத்த வீடுகளில் சிறு குழந்தைகளுள்ள குடும்பங்களைக் குடியமர்த்தி, குழந்தைகளின் இரத்தத்தில் ஈய அளவைக் காலந்தோறும் அளந்த ஓர் ஆய்வு நடந்தது. அதை நடத்திய கென்னடி க்ரீகர் நிறுவனத்துக்கு எதிராக, அக்குழந்தைகளுள் இருவரின் தாய்மார்கள் தொடுத்த வழக்கில், ஆய்வாளருக்கும் ஆய்வில் பங்கேற்பவருக்கும் இடையே சட்டப்படியான கடமை உருவாகக்கூடும் என்று மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. மலிவான சீரமைப்பு முறையைக் கண்டறிவது நல்ல நோக்கமே. ஆனால் தரையில் தவழும் குழந்தையை அந்த முறையின் அளவுகோலாக்குவதை எந்த நோக்கமும் நியாயப்படுத்தாது. ஆகவே உங்கள் முன்மொழிவில் மூன்று விவரங்களைத் தெளிவாக எழுதுங்கள். ஆபத்தான அளவு தெரியவந்தால் எத்தனை நாளுக்குள் குடும்பத்துக்குத் தெரிவிப்பீர்கள்? அவர்களுக்குப் புரியும் மொழியில் யார் விளக்குவார்? அதன்பின் அவ்வீட்டில் என்ன செய்யப்படும்? குழந்தைகளின் இரத்தத்தையும் சோதிப்பதாக இருந்தால், நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்த ஒப்பீட்டு அளவை அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

வாடகை வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஈயம் இருப்பது தமக்குத் தெரிந்தால், அதை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் உரிமையாளர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்ற சட்டக் கடமை 1996 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் சோதனை அவருக்கு அந்த அறிவைத் தருகிறது. அதனாலேயே பலர் கதவைத் திறக்கத் தயங்குவார்கள். இதை மறைத்து ஒப்புதல் பெறுவது முறையன்று. ஒப்புதல் படிவத்தில் வெளிப்படையாகக் கூறி, கண்டறியப்படும் கேட்டைச் சரிசெய்ய நகராட்சியின் சீரமைப்பு நிதியை உரிமையாளருக்குப் பெற்றுத் தரும் ஏற்பாட்டையும் முன்மொழிவில் சேர்த்துக்கொண்டால், தயக்கம் பெரிதும் குறையும்.

மனிதர்களை உட்படுத்தும் எல்லா ஆய்வுகளையும் போலவே, இதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கைக்கு வரும்வரை குடும்பங்களிடமிருந்து தரவு திரட்டத் தொடங்கக் கூடாது. எனவே கால அட்டவணையில் முதல் சில மாதங்களை அதற்கென ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் கட்டுமான மாற்றம் எதையும் செய்வதாக இருந்தால், சுற்றுச்சூழல் மீளாய்வும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: செலவுத் திட்டம்

ஊதியம், பயணம், ஆய்வகக் கட்டணம், பங்கேற்கும் குடும்பங்களுக்கான ஊக்கத்தொகை, மொழிபெயர்ப்பாளர் கூலி ஆகிய ஒவ்வொன்றையும் கணக்கிட்ட முறையோடு காட்டுங்கள். “ஆய்வகச் செலவு” என்று மொத்தமாக எழுதாமல், வீட்டுக்கு எத்தனை மாதிரி, மாதிரிக்கு என்ன கட்டணம், எத்தனை முறை என்று பிரித்தெழுத வேண்டும். அலுவலக நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளை மறைமுகச் செலவு என்பார்கள்; அதற்கான விகித ஒப்பந்தத்தை அரசுடன் செய்துகொள்ளாத சிறு அமைப்புகள், கூட்டாட்சி மானிய விதிகளின்படி மாற்றியமைக்கப்பட்ட நேரடிச் செலவில் (சில இனங்களைக் கழித்த நேரடிச் செலவில்) 15 விழுக்காடு வரை மறைமுகச் செலவாகக் கோரலாம். 2024 அக்டோபருக்கு முன் இது 10 விழுக்காடாக இருந்ததால், பழைய மாதிரி விண்ணப்பங்களைப் பார்த்து எழுதுபவர்கள் தமக்குரிய தொகையை இழந்துவிடுகிறார்கள்.

ஏழாம் படி: சமர்ப்பித்தல்

கூட்டாட்சி மானியங்களுக்கான பொது விண்ணப்பப் படிவமான எஸ்.எஃப். 424, செலவுத் தாள், ஆய்வு விவரணை, தன்விவரக் குறிப்புகள், உறுதிக் கடிதங்கள் ஆகியவற்றை அறிவிக்கை கூறும் பக்க வரம்புக்குள் அடக்கி, இறுதி நாளுக்குச் சில நாள் முன்பே பதிவேற்றுங்கள். தளம் முதலில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கும். சரிபார்ப்பில் தேறியதா இல்லையா என்பதைத் தனியே தெரிவிக்கும். இந்த இரண்டாவது செய்தி வரும்வரை வேலை முடிந்ததாகக் கருத வேண்டாம்.

தேர்வாகாவிட்டால், மதிப்பீட்டு விளக்கத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறும் வசதி உண்டு. அதில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு மதிப்பெண் குறைந்தது என்பதைப் பார்த்து, ஆய்வு முறைப் பகுதியில் குறைந்திருந்தால் புள்ளியியலாளரையும், தகுதிப் பகுதியில் குறைந்திருந்தால் அனுபவமுள்ள பங்காளியையும் அடுத்த அறிவிக்கைக்கு முன்பே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.