ஃபிளாட்டா, தனி வீடா? விலையை நியாயமாக ஒப்பிடும் முறை

சென்னையில் வீடு பார்க்கப் போனால் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன ரேட்?" என்பதுதான். ஃபிளாட்டையும் தனி வீட்டையும் இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரே தெருவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக மட்டும்). சூப்பர் பில்ட் அப் (சுவர்கள், மாடிப்படி போன்ற பொது இடப் பங்கு எல்லாம் சேர்ந்த பரப்பு) 1,200 சதுர அடி ஃபிளாட், 90 லட்சம்: ரேட் 7,500. அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனையில் 1,150 சதுர அடி தனி வீடு, 130 லட்சம்: ரேட் சுமார் 11,300. தனி வீடு அநியாய விலையாகத் தெரிகிறது, இல்லையா?

படி 1: முழு விலையை எழுதுங்கள். கார் பார்க்கிங், மின் இணைப்பு, கார்பஸ் ஃபண்டு (பிற்காலப் பராமரிப்புக்கான பொது நிதி) எல்லாம் சேர வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சென்னையில் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு) 60 சதுர மீட்டர், விலை 45 லட்சத்துக்குள் என்றால் 1 சதவீதம். நம் 90 லட்சத்தில் இவை அடக்கம்.

படி 2: கார்பெட் ஏரியாவைக் கேளுங்கள். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி உள்சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. தனி வீட்டுக்கு இதை யாரும் சொல்ல மாட்டார்கள், டேப் எடுத்து நீங்களே அளக்க வேண்டும். ஃபிளாட் 820, தனி வீடு 1,000 என்போம்.

படி 3: மண்ணைத் தனியே பிரியுங்கள். இதுதான் முக்கியமான படி, பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். ஃபிளாட்டில் உங்களுக்கு வரும் யூடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கு, பத்திரத்தில் இருக்கும். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், வரைவுப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். அது 400 சதுர அடி என்றால், அந்தத் தெருவின் மனை விலை 6,000 வீதம் 24 லட்சம். தனி வீட்டின் 1,200 சதுர அடி மண் 72 லட்சம். இதற்கு வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில விலை) போதாது. பக்கத்தில் அண்மையில் மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள்.

படி 4: மீதியைக் கார்பெட் ஏரியாவால் வகுங்கள். ஃபிளாட்: 66 லட்சம் ÷ 820, சுமார் 8,050. தனி வீடு: 58 லட்சம் ÷ 1,000, அதாவது 5,800. கட்டடத்துக்கு அதிகம் கேட்பது ஃபிளாட்தான்!

படி 5: வயதையும் வசதியையும் பாருங்கள். ஃபிளாட்டின் கூடுதல் விலையில் லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி உண்டு. தனி வீடு 20 வருடப் பழசு என்றால் 5,800 கூட அதிகமாக இருக்கலாம். அதே வீட்டை இன்று புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று ஒரு பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கிக்கொண்டு பேரத்துக்கு உட்காருங்கள்.