பேக்கப் எடுப்பது எளிது, பழையதை அழிப்பதில்தான் வம்பு

பல சர்வர்களில் இரவு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் உள்ளே மூன்று வேலைதான் இருக்கும். டேட்டாபேஸை டம்ப் எடுப்பது (உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு ஃபைலாக எழுதுவது), அதை ஜிசிப் என்ற கருவியால் சுருக்குவது, ஏழு நாளுக்கு முந்தைய ஃபைல்களை அழிப்பது. முதல் இரண்டையும் யோசித்து எழுதுகிறோம். மூன்றாவது வரி, டிஸ்க் நிறைந்துவிடுமே என்ற பயத்தில் கடைசியில் ஒட்டவைத்தது. அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் நல்ல பேக்கப் காணாமல் போவதும் சரி, இடமில்லாமல் சர்வர் படுத்துவிடுவதும் சரி, பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

தேதி பார்த்து அழிக்கும் ஸ்கிரிப்ட்

ஒரு திங்கட்கிழமை யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். பேக்கப் ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்டே இருக்கிறது. அன்று இரவு டம்ப் கட்டளை உள்ளே நுழைய முடியாமல் திரும்பிவிடும். ஆனால் அதன் வெளியீட்டைப் பைப் வழியாக வாங்கும் ஜிசிப்புக்கு இது தெரியாது. ஒன்றுமே வரவில்லை என்றாலும் அந்த ஒன்றுமில்லாததைச் சுருக்கி, 20 பைட்டில் முறையான ஒரு ஜிசிப் ஃபைலை எழுதி வைத்துவிடும். பைப்பில் கடைசியாக இருக்கும் கட்டளையின் முடிவைத்தான், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் மொத்த முடிவாக எடுத்துக்கொள்ளும். ஆக, ஸ்கிரிப்டின் கணக்கில் வேலை வெற்றி. அடுத்த வரி ஓடி, இருப்பதிலேயே பழைய ஃபைலை அழிக்கிறது. அது நல்ல ஃபைல்.

செவ்வாய், புதன் என்று இதே கதை. இரண்டாவது வாரம் பாதிக்குள் நல்ல பிரதிகள் எல்லாம் போய்விடும். ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல்கள் தேதிவாரியாக அழகாக வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றும் 20 பைட். அளவு போட்டிருக்கும் பத்தியைப் பார்க்காதவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத்தான் தோன்றும்.

இதைத் தடுக்க பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பாஷில் பைப்ஃபெயில் என்ற அமைப்பை இயக்கினால் பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கணக்காகும். புதிய பேக்கப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுத வேண்டும். சரிபார்த்த பிறகுதான் உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். சரிபார்ப்பதும் சுலபம். ஜிசிப்பிலேயே ஃபைல் முழுதாக இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி உண்டு. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டம்பாக இருந்தால், வழக்கமான அமைப்பில், கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று ஒரு குறிப்பு இருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் சாதாரண எஸ்க்யூஎல் டம்பின் முடிவிலும் இப்படி ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லையென்றால் டம்ப் பாதியில் நின்றிருக்கிறது. நேற்றைய ஃபைலைவிட இன்றையது பாதிக்கும் கீழே போயிருந்தால் அதையும் சந்தேகப்படலாம்.

இதில் எதிலாவது தவறினால் அன்று எதையும் அழிக்கக் கூடாது. அழிக்கும் விதி 'ஏழு நாளுக்கு முந்தையது' என்று இருக்க வேண்டியதில்லை. 'நல்ல பிரதிகளில் கடைசி ஏழைத் தவிர மற்றவை' என்று இருக்கட்டும். இப்படி எண்ணிக்கையை வைத்து அழிக்கும் ஸ்கிரிப்ட், ஒரு மாதம் பேக்கப்பே நடக்காமல் போனாலும் கடைசி ஏழு நல்ல பிரதிகளைத் தொடாது.

தோல்வியைச் சொல்லும் மெயிலை நம்பியிருப்பதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நேரடிப் பயன்பாட்டில் இருந்த டேட்டாபேஸின் ஃபோல்டர் தவறுதலாக அழிக்கப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது, வழக்கமான டம்ப் ஓடவே இல்லை என்று. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவியோ 9.2. அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வி மெயில்களும், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச்சேரவில்லை. ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்துவைத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) ஒன்று இருந்ததால்தான் தப்பித்தார்கள். இதையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். தோல்வி வந்தால் மெயில் என்பதைவிட, கடைசி நல்ல பேக்கப் எடுத்து 26 மணி நேரம் ஆகியும் அடுத்தது வரவில்லை என்றால் வேறொரு இயந்திரம் கூப்பாடு போடட்டும். சர்வர் முழுதாக இறந்துபோனாலும் அந்தக் குரல் வரும்.

'ப்ளஸ் 7' என்றால் ஏழு நாள் அல்ல

ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் எம்டைம் ப்ளஸ் 7 (-mtime +7) என்று எழுதுபவர்கள் ஏழு பிரதிகள் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்டளை ஃபைலின் வயதை 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணும், மிச்சத்தைக் கழித்துவிடும். ஏழு நாள் 23 மணி நேரம் ஆன ஃபைலும் அதன் கணக்கில் ஏழுதான். எட்டு முழுநாள் ஆனால்தான் அழியும். ஆக டிஸ்கில் எட்டுப் பிரதிகள் இருக்கும், ஓட்டம் சில நிமிடம் முன்பின் ஆனால் ஒன்பது.

ஒரு பிரதி 40 ஜிபி என்று வையுங்கள். ஏழு பிரதிக்கு 280 ஜிபி, 300 ஜிபி டிஸ்க் போதும் என்று கணக்குப் போட்டால் முதல் வாரம் எல்லாம் நன்றாக ஓடும். எட்டாம் நாள் எழுதும்போது பாதியில் இடம் தீர்ந்துவிடும். புதியதை முடித்த பிறகே பழையதை அழிக்க வேண்டும் என்பதால் எப்போதும் ஒரு பிரதிக்கான இடம் கூடுதலாக வேண்டும். டேட்டாவும் வளரும். நானாக இருந்தால் இந்த நிலைமைக்கு 500 ஜிபிக்குக் குறைவாக ஒதுக்கமாட்டேன். இடம் பற்றாததால் 'முதலில் பழையதை அழித்துவிட்டு அப்புறம் புதியதை எடு' என்று வரிசையை மாற்றுபவர்கள் உண்டு. புதியது தோற்கும் இரவில் அதன் விலை தெரியும்.

இன்னொன்று, எம்டைம் என்பது ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட நேரம். பெயரில் எழுதியிருக்கும் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதிய சர்வருக்கு மாறும்போது பழைய பேக்கப்களைச் சாதாரணமாகக் காப்பி செய்தால் எல்லாவற்றுக்கும் இன்றைய நேரம் விழும். நேரத்தை அப்படியே காக்கும்படி காப்பி செய்தால், பத்திரப்படுத்த நினைத்துக் கொண்டுவந்த போன வருட ஃபைல் அன்று இரவே அழிந்துபோகும்.

இடம் எங்கே போனது?

ஒரு டிஸ்க் நிறைந்திருக்கிறது என்று, காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை சொல்லும். ஃபைல்களின் அளவை டியூ கட்டளையால் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வராது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அழித்த ஃபைலை ஏதாவது ஒரு ப்ரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால் இடம் திரும்பி வராது. ஸ்னாப்ஷாட் இருந்தால், அழித்த டேட்டாவை அது பிடித்துக்கொண்டிருக்கும். இஎக்ஸ்டி4 (ext4) ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு (நிர்வாகிக்கு) என்று ஒதுக்கி வைக்கும். சில நேரம் இடம் இருக்கும், ஆனால் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும். சின்னச் சின்ன ஃபைல்களாக லட்சக்கணக்கில் காப்பி செய்யும் பேக்கப்களில் இது சகஜம்.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமானது, மவுண்ட் ஆகாத, அதாவது தன் ஃபோல்டரோடு இணையாத டிஸ்க். பேக்கப்புக்கு என்று தனி டிஸ்க் ஒரு ஃபோல்டரில் மவுண்ட் ஆகியிருக்கிறது. ரீபூட்டுக்குப் பிறகு அது மவுண்ட் ஆகவில்லை. ஃபோல்டர் மட்டும் இருக்கிறது, அதுவோ சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்கில். ஸ்கிரிப்ட் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அங்கே 40 ஜிபியைக் கொட்டுகிறது. ரூட் நிறைந்து டேட்டாபேஸ் நிற்கிறது. யாரோ வந்து டிஸ்கை மீண்டும் மவுண்ட் செய்கிறார்கள். இப்போது அந்த 40 ஜிபி மவுண்டுக்கு அடியில் மறைந்துவிட்டது. டியூவுக்குத் தெரியாது, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஸுக்கும் தெரியாது. ரூட்டை வேறொரு இடத்தில் பைண்ட் மவுண்ட் (அதே ஃபோல்டரை இன்னொரு இடத்திலும் காட்டுவது) செய்து பார்த்தால்தான் கண்ணில் படும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மவுண்ட்பாயின்ட் கட்டளையால் ஒரு சோதனை வைத்து, மவுண்ட் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டால் இந்தத் தலைவலியே வராது.

டேட்டாவைத் துண்டுகளாக்கி, ஒரே துண்டை ஒருமுறை மட்டும் சேமிக்கும் ரெஸ்டிக், போர்க் மாதிரி பேக்கப் கருவிகளில் குழப்பம் வேறு விதம். ரெஸ்டிக்கில் ஃபர்கெட் கட்டளை ஸ்னாப்ஷாட்டைப் பட்டியலிலிருந்து எடுப்பதோடு சரி. ப்ரூன் ஓடினால்தான் இடம் விடுபடும். போர்க் 1.2 பதிப்பிலிருந்து ப்ரூனுக்குப் பிறகு காம்பாக்ட் என்று தனியாக ஓட்ட வேண்டும். இது தெரியாமல் 'அழித்தும் இடம் வரவில்லையே' என்று, பேக்கப் சேமிக்கும் ரெப்போ ஃபோல்டருக்குள் போய்ப் பெரிய ஃபைல்களைக் கையால் அழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே துண்டைப் பல நாள் பேக்கப்கள் பகிர்ந்துகொள்வதால், ஒரு ஃபைல் போனால் அந்த எல்லா நாள்களும் சேர்ந்து போகும். டிஸ்க் நூறு சதவீதம் நிறையும்வரை விட்டாலும் சிக்கல்தான், ஏனென்றால் அழிக்கும் வேலைக்கே கொஞ்சம் காலி இடம் வேண்டும்.

போஸ்ட்கிரெஸில், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் டபிள்யூஏஎல் ஃபோல்டர் வீங்கினால் அதையும் கையால் தொடாதீர்கள். அந்தப் பதிவுகளை வேறிடத்துக்குக் காப்பி செய்யும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கலாம், அல்லது யாரும் பயன்படுத்தாத ரெப்ளிகேஷன் ஸ்லாட் (இன்னொரு சர்வருக்கு அனுப்பப் பதிவுகளை நிறுத்திவைக்கும் அமைப்பு) ஒன்று பிடித்து வைத்திருக்கலாம். அதைச் சரிசெய்தால் ஃபோல்டர் தானே சுருங்கும். மைஎஸ்க்யூஎல் 8.0 மாற்றங்களைப் பதியும் தன் பைனரி லாகுகளை இயல்பாக 30 நாள் வைத்திருக்கும் என்பதும் இடக்கணக்கில் சேர வேண்டியது.

எத்தனை நாள் வைப்பது?

ஏழு நாள் என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு தவறு நடந்தால் எத்தனை நாளில் அது நம் கண்ணில் படும்? டேபிளை மொத்தமாக அழித்தால் ஐந்து நிமிடத்தில் தெரியும். மாதக் கடைசியில் மட்டும் எடுக்கும் ரிப்போர்ட்டில் எண்கள் கெட்டுப்போயிருந்தால் ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஏழு பிரதிகளிலும் அதே கெட்ட எண்கள்தான் இருக்கும்.

இதற்குத்தான் படிப்படியாக இடைவெளி விடும் முறை. தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 என்று வைத்தால் மொத்தம் 23 பிரதிகள். ஒரு வருடம் பின்னால் போக முடியும். முப்பது நாள் தினசரி வைப்பதைவிட இடம் குறைவு. முழு டம்புகளுக்கு இந்தக் கணக்கு சரி. முழு பேக்கப் ஒன்றும் அதன்மேல் மாற்றங்கள் மட்டும் சேரும் இன்கிரிமென்டல்களும் என்றால், அடியில் இருக்கும் முழு பேக்கப்பை வயதாகிவிட்டது என்று அழித்ததும் மேலே இருப்பவை எல்லாம் வெறும் எடைதான்.

எல்லாவற்றுக்கும் ஒரே விதி போடுவதும் வீண். கேஷ், செஷன், தற்காலிக ஃபைல்கள் பேக்கப்பில் இருக்கவே வேண்டாம். டூப்ளிகேட்டை நீக்கும் கருவிக்குள் ஏற்கெனவே ஜிசிப் செய்த டம்பைப் போட்டால், உள்ளே ஒரு வரி மாறினாலும் அதற்குப் பிறகு ஃபைலே வேறாகிவிடும், தினமும் ஏறக்குறைய முழு அளவும் சேரும். சுருக்காமல் கொடுங்கள், சுருக்குவதை அந்தக் கருவி பார்த்துக்கொள்ளும்.

கிளவுடில் டிஸ்க் நிறையாது, பில் நிறையும். அமேசானின் சேமிப்பிடமான எஸ்3 பக்கெட்டில் வெர்ஷனிங் (பழைய வடிவங்களையும் வைத்திருப்பது) இருந்தால், பெயரைச் சொல்லி அழிக்கும் ஃபைலுக்கு அழிந்த அடையாளம் மட்டும்தான் விழும். பழைய வெர்ஷன் உள்ளேயே கிடந்து காசு கேட்கும். பாதியில் நின்ற மல்டிபார்ட் (துண்டு துண்டாக ஏற்றும்) அப்லோடுகளும் அப்படித்தான். இரண்டுக்கும் லைஃப்சைக்கிள் விதி (தானாக அழிக்கச் சொல்லும் விதி) தனியாக எழுத வேண்டும். எஸ்3-இன் நீண்டகாலச் சேமிப்பு வகையான கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வைத்ததை 180 நாளுக்கு முன் அழித்தாலும் மீதி நாளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், எனவே வாரக் கணக்கில் சுழலும் பேக்கப்களை அங்கே அனுப்புவதில் அர்த்தமில்லை.

கடைசியாக, ரீஸ்டோருக்கான இடம். 40 ஜிபி ஜிசிப் ஃபைல் விரிந்தால் 200 ஜிபிக்கு மேல்கூட வரலாம். டேட்டாபேஸுக்குள் ஏறும்போது இண்டெக்ஸ்களும் சேரும். மாதம் ஒருமுறை வேறொரு இயந்திரத்தில் முழுதாக ஏற்றிப் பார்த்து, எத்தனை ஜிபி ஆனது, எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை பேக்கப் எடுக்கப்படும் சர்வரிலேயே வைக்காமல் வேறு எங்காவது வையுங்கள்.