சியோலில் சாப்பிடப் போகிறீர்களா? முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விசா, விமான டிக்கெட் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். கொரியத் துணைத் தூதரகம் சென்னையிலேயே இருக்கிறது, விதிகளை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சொன் விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும்தான் இந்தப் பதிவு.

தேதி விஷயத்தில் ஒன்று மட்டும். சொல்லால் (சந்திரப் புத்தாண்டு), சுசோக் (அறுவடைப் பண்டிகை) இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ரயிலில் இடம் கிடைக்காது. குடும்பமாக நடத்தும் சின்ன உணவகங்கள் மூடியிருக்கும், நாம் போவதே அவற்றுக்காகத்தான்.

படி 1: போனில் இரண்டு ஆப்

நாவெர் மேப், பபாகோ. இரண்டையும் ஊரிலேயே இறக்கிவிடுங்கள். துல்லியமான வரைபடத் தரவை வெளிநாட்டுக்கு அனுப்பக் கொரிய அரசு பல காலம் அனுமதி தராததால், கூகுள் மேப்ஸ் அங்கே நடைவழி காட்டியதில்லை. காக்காவோ மேப்பும் நல்லதுதான், ஆனால் எனக்கு நாவெர்தான் பிடிக்கும். கடைப் பெயரைக் கொரிய எழுத்தில் ஒட்டித் தேடினால் சரியாக வரும். இன்னொன்று, கடையின் 'பிரேக் டைம்' அதில் தெரியும். நிறைய உணவகங்கள் மதியம் 3 முதல் 5 வரை அடுப்பை அணைத்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் மூன்றரைக்குச் சாப்பிடக் கிளம்பினால் பட்டினிதான். பபாகோ, மெனுவைப் படம் பிடித்தால் மொழிபெயர்த்துத் தரும்.

படி 2: டி-மணி கார்டு

விமான நிலையத்தில் இருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோரிலேயே வாங்கலாம். மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். பணம் ஏற்ற பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் வொன் (கொரியப் பணம்) நோட்டு கையில் இருக்கட்டும். பஸ்ஸில் இறங்கும்போதும் கார்டைத் தட்ட வேண்டும். தட்டினால்தான் அடுத்த வண்டிக்கு மாறும்போது கட்டணச் சலுகை கிடைக்கும்.

படி 3: ஆர்டர் செய்வது

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரமோ, சாப்பிடும் குச்சியோ பிரச்சினையே இல்லை. தனியாகப் போனால் சில கடைகளில் சாப்பாடே கிடைக்காது என்பதுதான் பிரச்சினை.

கொரியச் சாப்பாட்டில் பாதி, நடுவில் ஒரே சட்டியோ அடுப்போ வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே அமைந்தது. சம்கியொப்சல் என்ற பன்றி இறைச்சிக் கிரில், தக்கால்பி என்ற காரக் கோழி, சொங்கோல் வகைக் கொதிசட்டி எல்லாம் இந்த ரகம். மெனுவில் போட்டிருக்கும் விலை ஒரு ஆள் பங்குக்கு, ஆனால் குறைந்தது இரண்டு பங்கு வாங்க வேண்டும். விலைக்குப் பக்கத்தில் 2 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அர்த்தம் அதுதான். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று விலை போட்டிருந்தால், அந்தச் 'சிறிது' வழக்கமாக இரண்டு பேர் சாப்பிடும் அளவு.

இதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது, வாசலிலேயே கேட்பது: "இரின்புன் த்வேயோ?" ஒரு ஆளுக்குக் கிடைக்குமா என்று பொருள். இல்லை என்றால் கைகளைக் குறுக்காக வைத்துப் பெருக்கல் குறி காட்டுவார்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, தனியாக உட்கார்ந்தே இரண்டு பங்கு ஆர்டர் செய்வது. பல கிரில் கடைகள் இதற்குச் சரி என்றுவிடும். கூட்ட நேரம் மட்டும் வேண்டாம். பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை ஆபீஸ் கூட்டம் மொத்தமும் தெருவில் நிற்கும். பதினொன்றரைக்குப் போங்கள், இல்லையென்றால் ஒன்றரைக்கு.

மூன்றாவது வழிதான் நான் சிபாரிசு செய்வது. தனி ஆளுக்கென்றே இருக்கும் உணவைத் தேடிப் போங்கள். சோறும் சூப்பும் ஒரே கிண்ணத்தில் வரும் குக்பாப், கத்தியால் வெட்டிய நூடுல்ஸான கல்குக்சு, கொதிக்கக் கொதிக்க வரும் மென்மையான டோஃபு குழம்பான சுந்துபு ஜிகே, காய்கறிகளோடு கலந்து சாப்பிடும் சோறான பிபிம்பாப், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப். இந்தக் கடைகளில் உள்ளூர்க்காரர்களே தனியாக உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கிரில் கடைக்குத் துணை கிடைத்த அன்றைக்குப் போய்க்கொள்ளலாம்.

படி 4: மேசையில்

ஸ்பூனும் குச்சியும் காணோமே என்று தேடாதீர்கள். மேசையின் பக்கவாட்டில் ஓர் இழுப்பறை இருக்கும், அதற்குள் பாருங்கள். ஆளைக் கூப்பிட மேசையில் மணி பொத்தான் இருக்கும். இல்லாவிட்டால் "யொகியோ!" என்று குரல் கொடுக்கலாம், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. தண்ணீர் பல இடங்களில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சான் என்ற தொடுகறிகளுக்குக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். கேட்டு வாங்கிவிட்டு மிச்சம் வைப்பதுதான் அழகில்லை.

சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார்கள், கிண்ணத்தைக் கையில் தூக்குவதில்லை. குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. பெரியவர்களோடு உட்கார்ந்தால் அவர்கள் ஸ்பூனை எடுத்த பிறகே நாம் எடுக்க வேண்டும். அவர்கள் ஊற்றிக் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பில்லைப் போகும்போது கவுண்டரில் கட்டுங்கள். டிப்ஸ் வழக்கம் இல்லை.

படி 5: எங்கே போவது

மியொங்தோங் என்ற கடைவீதிப் பகுதியின் தெருக்கடைகளை ஒரு சுற்று பார்த்தால் போதும், அங்கே விலையெல்லாம் சுற்றுலாப் பயணிக்கு வைத்த விலை. குவாங்ஜாங் சந்தைக்கும் கூட்டம் உண்டு, ஆனாலும் போகலாம். 1905இல் தொடங்கியது, ஜொங்நோ 5-கா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிந்தெத்தொக் கேளுங்கள். பாசிப்பயறைக் கல்லில் அரைத்து எண்ணெயில் பொரிக்கிறார்கள், நம் பெசரட்டின் தடித்த அண்ணன். உட்காருவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு ஹொங்தே பக்கம் மாங்வொன் சந்தை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் காய்கறி வாங்க வரும் இடம் அது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

கியொங்பொக்குங் அரண்மனையைச் செவ்வாயன்று மூடியிருப்பார்கள். ஹன்போக் என்ற பாரம்பரிய உடையை வாடகைக்கு எடுத்து உடுத்திப் போனால் நுழைவுக் கட்டணம் இல்லை. படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு லாபம், எனக்குப் பாவாடை தடுக்கும் என்ற பயம்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் ரயிலேறி ஜொன்ஜு போய் வாருங்கள். பிபிம்பாப்புக்குப் பேர் போன ஊர், 2012இல் யுனெஸ்கோவின் உணவுக்கலை நகரங்களில் ஒன்றானது. ஓட்டுவீடுகள் நிறைந்த பழைய பகுதியிலேயே தங்கலாம்.

பின்சேர்க்கை: சைவம் சாப்பிடுபவர்களுக்கு

இந்தப் பதிவைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது இதைத்தான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள், ஆனால் சூப்பின் அடிச்சாறே காய்ந்த நெத்திலியில் கொதிக்க வைத்ததாக இருக்கும். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேரும். சுந்துபுவில் சிப்பி வரும். ஆகவே "இறைச்சி, மீன், இறால், சிப்பி, நெத்திலிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று பபாகோவில் அடித்து, அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஹேப்பிகவ் ஆப்பில் சைவ உணவகங்களைத் தேடலாம்.

நிம்மதியாகச் சாப்பிடப் பௌத்த மடத்துச் சாப்பாடுதான் வழி. அதில் இறைச்சி, மீன் மட்டுமில்லை, பூண்டு, வெங்காய வகைகளும் கிடையாது. சியோலில் ஜொக்யேசா கோவிலுக்கு எதிரே பல்வு கொங்யாங் என்ற உணவகம் இதற்கென்றே இருக்கிறது, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். கோவிலிலேயே ஓரிரவு தங்கும் டெம்பிள்ஸ்டே திட்டம் 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி ஆரம்பித்தது. சில கோவில்களில் துறவிகளின் முறைப்படியே சாப்பிட வைப்பார்கள்: ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது, கிண்ணத்தைக் கழுவிய தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள், சிலசமயம் 108 நமஸ்காரமும் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: ஹலால் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு, சியோலின் இதேவொன் பகுதிக்குப் போங்கள். 1976இல் திறந்த சியோல் மத்தியப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஹலால் உணவகங்கள் இருக்கின்றன. வாசலில் பலகை இருந்தாலும் உள்ளே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோவிலிருந்து பள்ளிவாசலுக்கு ஏற்றம், சாப்பிட்டுவிட்டு இறங்குவது சுலபம்.