பட்டியல் இருந்தும் பொருள்கள் விடுபட்டது ஏன்?

மூன்று வாரங்களாக, கையில் பட்டியல் இருந்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு பொருள்களையாவது வாங்காமல் வீடு திரும்பினேன். கைப்பேசிச் செயலி அகர வரிசையில் அடுக்கியதால், உப்பை எடுத்துவிட்டு உருளைக்கிழங்குக்காகக் கடையின் மறுமுனைக்கு நடக்க நேர்ந்தது. வகை பிரித்து எழுதியும் குறை தீரவில்லை.

பழைய பட்டியல்களை ஒப்பிட்டபோதுதான், விடுபட்டவை பெரும்பாலும் நான் எழுதிய வகைக்குரிய அடுக்கில் இல்லாதவை என்பது புலப்பட்டது. வீட்டு உபயோகப் பொருள்களின் கீழ் நான் எழுதியிருந்த பேட்டரி, பணம் செலுத்தும் இடத்தருகே இருந்தது. ஆகவே நுழைவாயில் முதல் வெளிவாயில் வரை ஒருமுறை நடந்து, அடுக்குகளின் வரிசையைக் குறித்துக்கொண்டு, அதே வரிசையில் பட்டியலை அளவுகளுடன் எழுதினேன். உறைநிலைப் பொருள்களை மட்டும், அவை எங்கிருந்தாலும், உருகாதிருக்கக் கடைசியில் வைத்தேன். அதன்பின் நான்கு முறை சென்றும் எதுவும் விடுபடவில்லை; பெரும் நிம்மதி.