பழைய உழவு இயந்திரம்: டீசலையும் உழைப்பையும் ஒப்பிடுவதில் விடும் பிழைகள்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், மெசி (மெசி ஃபேர்கசன்) உழவு இயந்திரத்துக்குச் சாமான் தேடி வருபவர்கள் பேச்சோடு பேச்சாக ஒன்றைக் கேட்பார்கள்: "மெசி 135 நல்லதோ, ஃபோர்ட் 3000 நல்லதோ? எது மணிக்குக் குறைய டீசல் குடிக்கும்?" கொழும்பில் இருந்துகொண்டு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உள்ள காணிக்குப் பழைய மெசின் தேடும் புதியவர்கள்தான் இதை அதிகம் கேட்பது. தேய்ந்த டயரும் பூசி மறைத்த துருவும் யாருக்கும் தெரியும். அவற்றை விடுவோம். காசைத் தின்பது டீசல் கணக்கிலும், மெசின் எவ்வளவு காலம் உழைக்கும் என்ற கணக்கிலும் விடும் பிழை.

மணிக்கு எத்தனை லீற்றர்?

கேள்வியே பிழை. 135இல் இருப்பது 2.5 லீற்றர், மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் என்ஜின். ஃபோர்ட்சன் சூப்பர் மேஜரில் 3.6 லீற்றர், நான்கு சிலிண்டர். மணிக்கணக்கில் அளந்தால் மேஜர் தோற்கத்தான் செய்யும். ஆனால் உழவுக்காரர் கூலி வாங்குவது ஏக்கருக்கு. ஒரு மெசின் மணிக்கு 4 லீற்றர் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் ஒரு ஏக்கர் உழுகிறது, மற்றது மணிக்கு 6 லீற்றர் குடித்து எழுபது நிமிடத்தில் முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதுக்கு 8 லீற்றர், இரண்டாவதுக்கு 7. "குறையக் குடிக்கும்" என்று வாங்கியதுதான் கூடக் குடிக்கிறது. சாரதியின் கூலி வேறு.

இதைவிட எரிச்சலூட்டுவது அந்த மணியை எடுக்கும் இடம். பழைய மெசி, ஃபோர்ட் மெசின்களில் ஓடிய மணியைக் காட்டும் மீற்றர்கள் கேபிளில் ஓடுபவை. அவை எண்ணுவது என்ஜினின் சுற்றுகளை. குறித்த ஒரு வேகத்தில் ஓடினால் மட்டுமே மீற்றரின் ஒரு மணி உண்மையான ஒரு மணி. அந்த வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், 1000 சுற்றில் மூன்று மணித்தியாலம் ஓடினாலும் மீற்றரில் இரண்டுதான் ஏறும். குடித்தது 9 லீற்றர் என்றால் மணிக்கு 3. மீற்றரை நம்பியவரோ 4.5 என்று எழுதிவைத்து, நல்ல மெசினை வேண்டாமென்று விட்டுவிட்டு வருவார். கேபிள் அறுந்து ஆண்டுக்கணக்காகிய மீற்றரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரியாக அளப்பது பெரிய வித்தையல்ல. இரண்டு மெசினுக்கும் ஒரே வயல், ஒரே நாள், ஒரே கலப்பை, ஒரே ஆழம். நாடா பிடித்து 40 மீற்றருக்கு 101 மீற்றர் அடையாளமிட்டால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். சமதரையில் நிறுத்தி, டாங்கியை வாய்விளிம்பு வரை நிரப்பி, நுரை அடங்கும்வரை பொறுத்து மறுபடி நிரப்புங்கள். உழுது முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, அளவுப் போத்தலால் அதே விளிம்புக்கு ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் ஏக்கருக்கான செலவு. கால் ஏக்கரோடு நிறுத்தாதீர்கள்: விளிம்பில் 200 மில்லிலீற்றர் பிசகினால் 2 லீற்றரில் அது பத்து வீதம், 8 லீற்றரில் இரண்டரை வீதம்தான்.

சில்லு வழுக்கலையும் பாருங்கள். பின் டயரில் சோக்கால் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி பத்துச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். பிறகு உழும்போதும் அதே பத்துச் சுற்று. 38 மீற்றர் 32 ஆகக் குறைந்தால் வழுக்கல் 16 வீதம் அளவில். காய்ந்த மண்ணில் 15ஐத் தாண்டினால் பாரம் போதாது, அல்லது டயர் மொட்டை. அந்த டீசலுக்கு என்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. சேற்று உழவை இரும்புச் சில்லோடு தனியாக அளக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது.

கலன்

டீசல் செலவைக் கலனில் சொன்னால் எந்தக் கலன் என்று பாருங்கள். ஆங்கிலேயக் கலன் 4.546 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.785. அமெரிக்காவில் உழவு இயந்திரங்களைச் சோதிக்கும் நெப்ராஸ்கா பரிசோதனை அறிக்கைகளில் வருவது அமெரிக்கக் கலன்.

குதிரைவலு

135ஐ 45 குதிரைவலு என்பார்கள். அது என்ஜினின் கணக்கு. பின்னால் பூட்டும் கருவிகளைச் சுழற்றும் பீ.டீ.ஓ. தண்டில் அளந்தால் 37, 38 அளவில்தான். ஒன்றின் என்ஜின் வலுவை மற்றதன் தண்டு வலுவோடு ஒப்பிடாதீர்கள்.

டீசலில் மண்ணெண்ணெய்

கலக்காதீர்கள். என்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் சி.ஏ.வி. டீ.பி.ஏ. பம்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு இல்லை.

பெயரை நம்பி உழைப்பை மதிப்பிடுவது

மெசியின் என்ஜின் மூடியில் "35" என்று எழுதியிருந்தால் போதாது. முந்திய 35களில் இருந்தது ஸ்டாண்டர்ட் நான்கு சிலிண்டர் டீசல். குளிரில் கிளப்பப் படாதபாடு படவேண்டும். பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்தது 1960 அளவில். பெயர் ஒன்று, மெசின் இரண்டு. இடையில் என்ஜின் மாறியிருக்கவும் கூடும். எனவே சிலிண்டரை எண்ணுங்கள், புளொக்கில், அதாவது என்ஜினின் உடலில், உள்ள இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள்.

தேய்ந்த பிறகு வரும் செலவும் உழைப்புக் கணக்கில் சேர்ந்ததே. பேர்கின்ஸில் லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் தனிக் குழாய், உண்டு. கழற்றிப் புதிது அடிக்கலாம். ஃபோர்ட் 3000இல் பிஸ்டன் ஓடுவது புளொக்கிலேயே. லேத்துக்குக் கொண்டுபோய்த் துளையைப் பெருப்பித்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும்.

பார்க்கப் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், கதைத்துவிட்டுத் திரும்பி, மறுநாள் சொல்லாமல் விடியப் போங்கள். குளிரில் கிளப்பி, சூடேறியதும் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறதா, அதாவது என்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டதா, என்று தெரியும்.

கிளப்புவதற்கு முன் இன்னொரு வேலை. மெசியில் ஹைட்ரோலிக்குக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே எண்ணெய், சேற்றுத் தண்ணீர் உள்ளே போனால் இரண்டும் சேர்ந்தே கெடும். இராமுழுதும் நின்ற மெசினின் அடியிலுள்ள வடிகால் ஆணியை மெல்லத் தளர்த்துங்கள். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் சொட்டினாலோ, வருவது பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலோ ஆணியை இறுக்கிவிட்டு, அடுத்த மெசினைப் பார்க்கப் போகலாம்.