நிழலைக் கொடுத்துவிட்டுப் போங்கள்: கடற்கரையில் ஒரு நிகழ்த்துக் கலை

பார்க்க வந்தவரையே கலைஞராக்கிவிடும் நிகழ்த்துக் கலைக்கு மேடையும் வேண்டாம், ஒப்பனையும் வேண்டாம். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நாங்கள் ஆடிப்பார்த்த விளையாட்டு ஒன்றைச் சொல்கிறேன்: வருகிறவர்களின் நிழலைச் சுற்றி மணலில் குச்சியால் கோடு இழுப்பது. தேவை: முனை மழுங்கிய நான்கைந்து குச்சிகள், கூச்சப்படாத ஒரு நண்பர், வெயில்.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கரையில் சூரியன் கடலில் எழுந்து ஊருக்குப் பின்னால் மறைகிறது. அதனால் மாலை நிழல் கடலைப் பார்த்து நீளும். பங்குனி மாதத்தில் நாலேகால் மணிக்கு நிழல் ஆளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். ஐந்தேகாலுக்கு நான்கு மடங்கை நெருங்கிவிடும். அப்போது வரைந்தால் மனிதர் தென்னைமரமாகிவிடுவார். நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் உங்களுடையது.

அடுத்தது இடம். காய்ந்த மணலில் கோடு நிற்காது, கீறியதுமே சரிந்து மூடிக்கொள்ளும். ஈரம் வடிந்து இறுகிய பட்டையைத் தேடுங்கள். அலை கடைசியாகத் தொட்டுப்போன தடத்தில் தலை விழும்படி, பத்துப் பதினோரு அடி மேலே ஆளை நிறுத்துங்கள். நண்பர் கடல் பக்கம் நிற்கட்டும். தடத்தைத் தாண்டிக் குழந்தைகள் போகாமல் பார்ப்பதும் அவர் வேலைதான்.

கூட்டத்தை எப்படி அழைப்பது? முதல் நாள் நான் “வாருங்கள், கலையில் பங்கெடுங்கள்!” என்று கத்தினேன். ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்துப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். இப்போது கத்துவதில்லை. நண்பர் நிற்பார், பேசாமல் அவர் நிழலைச் சுற்றிக் கோடு இழுப்பேன். அவர் நகர்ந்துவிடுவார், உருவம் மட்டும் கிடக்கும். ஆளில்லாத நிழலைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. பின்னாலேயே பெரியவர்கள் வருவார்கள். “உங்கள் நிழலை வரைந்துகொள்ளலாமா?” என்ற ஒரு கேள்வி போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். யாரையும் தொடாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

விதி ஒன்றே ஒன்று: தன் நிழலைத் தொடக் கூடாது, அடுத்தவர் நிழலில் ஒரு பொருளைச் சேர்க்கலாம். சுண்டல் விற்கும் அம்மா ஒருவர் கூடையோடு நின்று நிழல் கொடுத்தார். ஒரு சிறுவன் சிப்பிகளை அடுக்கி அதற்கு இறக்கை வைத்தான். அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “இறக்கை வைத்தாயே, பறந்துபோனால் சுண்டலை யார் விற்பது?” என்றார். அங்கே நின்றவர்களிடம் அதன்பிறகு குச்சிக்குப் போட்டி.

கேலி எல்லை மீறுமோ என்ற பயம் நியாயமானது. தெருக்கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் கூட்டத்தை வம்புக்கு இழுப்பான், தன்னையும் விட்டுவைக்க மாட்டான். அவனைப் பின்பற்றி, முதல் வாலை உங்கள் நிழலுக்கே வரையச் சொல்லுங்கள். கருவியிலும் கவனம் வேண்டும். 1964இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் யோகோ ஓனோ என்ற கலைஞர் மேடையில் அமர்ந்து, பார்வையாளர்களிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துத் தம் உடையை வெட்டச் சொன்னார். அந்தத் துணிச்சல் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம். குச்சியால் மணலைத்தான் கிழிக்க முடியும்.

பெரிய அலை வந்தால் தலைகள்தான் முதலில் போகும். தடுக்காதீர்கள், கூச்சல் போட்டுக்கொண்டு அவர்களே மீண்டும் வரைவார்கள். அந்த நேரம் பார்த்து மெல்ல விலகி நில்லுங்கள். புதிதாக வந்தவருக்கு வேறு யாரோ விதியைச் சொல்லிக்கொடுப்பது காதில் விழுந்தால், குச்சியைத் திரும்பக் கேட்காதீர்கள்.